தீச்சட்டி எடுத்த கை

“...அதெல்லாம் சரிங்க நானா, இந்தப் பொஸ்தகத்துல நான் எத்தனாவது ஆளு? அத மட்டும் அந்த ஐயாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க.”

இப்படிக் கேட்டவள் கித்துல்கலவுக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டின் முன்திண்ணையில், இஸ்தோப்பில், சுவரோரமாகக் குந்தியிருந்தாள். அவளுக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்றின் மேல், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு அரசாங்கத்து டொக்டர் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவில் நான். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. அவளுக்குக் கடைத்தெருச் சிங்களத்துக்கு மேல் தெரியாது. கேள்வியும் பதிலும் என் வாய் வழியாகத்தான் போய் வந்தன. நானா என்றது என்னைத்தான். துணி மூட்டையோடு வருகிற முஸ்லிம் சோனகன் எவனாக இருந்தாலும் லயத்து ஆட்களுக்கு அவன் நானாதான்.

அந்தக் கேள்வியைச் சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் பதில் சொன்னார். பதிலைக் கேட்டதும் அவள் ஒரு காரியம் செய்தாள். அதை எழுதிவிட வேண்டும் என்றுதான் இத்தனை வருஷம் கழித்துப் பேனாவை எடுத்திருக்கிறேன். ஆனால் நாங்கள் மூவரும் அந்த இஸ்தோப்பில் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. சேர்த்து வைத்தது என் நாக்கு.

எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. துணிக் கட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டுகளிலிருந்து எழுத்தைக் கற்றுக்கொண்டேன். சரக்குச் சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாள்களை வாசித்து மிச்சத்தைக் கற்றுக்கொண்டேன். இருபது வயதிலிருந்து பொட்டணி வியாபாரம். முதுகில் மூட்டை, கையில் கஜக்கோல், காலில் அட்டை கடிக்காமல் இருக்கச் சவர்க்காரத் தடவல். ஆற்றைத் தாண்டி ஏறினால் மூன்று தோட்டம், இறங்கினால் இரண்டு தோட்டம். ஒரு லயத்தில் கேட்டதை அடுத்த லயத்தில் கொண்டுபோய்ச் சொல்வேன். யாராவது ஒரு வார்த்தையை அழகாகச் சொல்லிவிட்டால் அதை வாயிலேயே மென்றுகொண்டு இரண்டு மைல் நடப்பேன். உண்மையைச் சொன்னால் என் துணிக்கு வந்த கூட்டத்தைவிடப் பேச்சுக்கு வந்த கூட்டம் அதிகம். “நானா மூட்டைய அவுக்கிறதுக்கு முந்தி வாய அவுத்துப்புடுவாரு” என்று பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

பால் வெட்டுகிற இவளை எனக்கு அப்போதே பத்து வருஷமாகத் தெரியும். புருஷன் ரப்பர் விலை விழுந்தபோது கடல் தாண்டிச் சொந்த ஊருக்குக் கப்பல் ஏறினவன், திரும்பவில்லை. ஒரே மகள். அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு, பிழைக்காது என்று எல்லோரும் சொன்ன நேரத்தில், இவள் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் போய் விழுந்தாள். பிள்ளை பிழைத்தால், அவள் கழுத்தில் தாலி ஏறும் வரைக்கும் ஒவ்வொரு திருவிழாவிலும் தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது.

திருவிழா நாளில் நானும் கோவிலுக்குச் சற்றுத் தள்ளி ரிப்பனும் சீப்பும் பரப்பி வைத்திருப்பேன். அதனால் என் கண்ணாலேயே பார்த்தவன் நான். மற்றவர்கள் சட்டிக்கு அடியில் வேப்பிலையை அடுக்கிப் பிடிப்பார்கள். பத்தடிக்கு ஒரு தடவை கையை மாற்றுவார்கள், பல்லைக் கடிப்பார்கள். இவள் வெறுங்கையில் ஏந்தி, மேல் லயத்திலிருந்து ஆற்றங்கரை வரை, பின்னலில் பூ வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவள் மாதிரி இறங்கி வருவாள். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. பெண்கள் அவள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். “நம்ம கை சுட்டா நாம மனுசங்க. அவ கை சுடாட்டி அவ யாரு?” என்று ஒரு கங்காணி என் காதில் கேட்டான். காய்ச்சல் கண்ட குழந்தைகளை அவளிடம் தூக்கி வருவார்கள். அவள் நெற்றியில் திருநீறு பூசுவாள். கடைசி இரண்டு வருஷம் மட்டும் கையால் பூசாமல் ஒரு வேப்பங்குழையைத் திருநீற்றில் தொட்டுக் குழந்தைகள் மேல் தெளித்தாள். அதையும் அம்மன் சொன்ன புது முறை என்று கொண்டாடினார்கள். நானும் கொண்டாடினேன். ஐந்து தோட்டத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

டொக்டர் வந்தது ஆனி மாத மழையில். மெலிந்த ஆள், மூக்குக் கண்ணாடி, கடலோரத்துச் சிங்களம். ஜில்லாவில் பெருநோய் என்கிற தொழுநோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அரசாங்கம் அனுப்பியிருந்தது. அந்த நோயின் பெயரை லயங்களில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். ‘அது’ என்பார்கள். “அவுங்க ஊட்ல ஒருத்தருக்கு அது” என்று சொன்னால் போதும், அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். நோய் என்று தெரிந்துவிட்டால் சட்டப்படி கொழும்புப் பக்கம் கடலோரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். போனவர் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

முதல் நாள் காலை, வேலைக்கு ஆள் எண்ணுகிற பிரட்டுக் களத்தில் துரை எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். டொக்டர் ஒவ்வொரு கையாக, முதுகாகப் பார்த்துக்கொண்டு போனார். உடம்பில் ஏதாவது உள்ளவர்கள் விடியலிலேயே காட்டுக்குப் போய்விட்டார்கள் என்பது அங்கே நின்ற குழந்தைக்கும் தெரியும். வடிகால் கான் வெட்டுகிற ஒரு கிழவர் சட்டையைக் கழற்றியபடி சத்தமாகவே சொன்னார்: “தொர வந்தா தலைய எண்ணுறாரு, டொக்டரு வந்தா தோல எண்ணுறாரு. நம்ம வயித்த எண்ண மட்டும் எவனும் வர மாட்டேங்கிறான்!”

களமே சிரித்தது. ஓரமாக மூட்டையோடு நின்ற என்னை டொக்டர் கூப்பிட்டு, கிழவர் என்ன சொன்னார் என்று கேட்டார். சிங்களத்தில் சொன்னேன். அவரும் சிரித்தார். அந்த நிமிஷத்திலிருந்து நான் அவருடைய ஆள். கணக்கப்பிள்ளையை மொழிபெயர்க்க வைத்தால் ஆட்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள், நீ வா முதலாளி என்றார். கையில் பத்துக் கஜத் துணிகூட இல்லாத என்னை முதலாளி என்று கேலியாகத்தான் அழைத்தார். எனக்கு அது இனித்தது.

இறங்கி வரும்போது அவருடைய வேலை என்ன என்று கேட்டேன். நாங்கள் பேசியது சிங்களம், தமிழில் எழுதுகிறேன்.

“ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் என்பது தெரியும்” என்றார். “வெளியே எத்தனை பேர் என்பதுதான் தெரியாது. இது அரிதான நோய் என்று புத்தகம் சொல்கிறது. எவ்வளவு அரிது? ஆயிரம் பேருக்கு எத்தனை? ஒளிந்துகொள்கிறவர்களை எண்ணாமல் எப்படிச் சொல்வது?”

“அப்போ கண்ணாடிப் பெட்டியில் தொங்குகிற துணியைப் பார்த்துவிட்டுக் கிட்டங்கியில் எத்தனை கட்டு என்று சொல்லச் சொல்கிற மாதிரி” என்றேன்.

மழையில் நின்று, குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அதைத் தன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதினார். படித்த ஒரு மனிதர் என் வாயிலிருந்து வந்ததைப் புத்தகத்தில் எழுதினது அன்றுதான் முதல் தடவை. எனக்குத் தலை கால் புரியவில்லை. அவர் என்ன கேட்டாலும் செய்திருப்பேன். கேட்டார். செய்தேன்.

அவர் கேட்டது இதுதான். தோட்டத்து மருந்து அறையான மருந்துக் காம்பராவின் இஸ்தோப்பில் நான் துணியை விரிக்க வேண்டும். அவர் உள்ளே ஜன்னலோரமாக உட்கார்ந்திருப்பார். வரிசையில் நிற்கச் சொன்னால் வராதவர்கள் துணிக்கு வருவார்கள். துணியைத் தொட்டுப் பார்க்காமல் எந்தப் பெண்ணும் வாங்க மாட்டாள். கைகள் தாமாக வரும்.

வந்தன. பூப்போட்ட சீத்தைத் துணியை விரித்தேன், கைகள் வந்தன. கத்தி வெட்டின தழும்புள்ள கை, தொழிற்சாலை அமிலம் பட்டு வெளுத்த கை, தேமல் கை, சிரங்குக் கை, மருதாணி வைத்த கை. துணியை விரலுக்கிடையில் கசக்கிப் பார்த்தன, விலை கேட்டுப் பின்வாங்கின, மறுபடி வந்தன. “என்னங்க நானா இன்னைக்கு ஒங்க வாய் சும்மாவே இருக்கு? பல்லு வலியா?” என்று ஒருத்தி கேட்டாள். என் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது. நான் எப்படிப் பேசுவது?

அன்று ஒருவரும் அகப்படவில்லை. இவள் துணிக்கு வரவில்லை, மகளைத்தான் அனுப்பியிருந்தாள். மகள் கல்யாணத்துக்கு ரவிக்கைத் துணி பார்த்துவிட்டுப் போனாள். ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளை அரநாயக்கப் பக்கத்துத் தோட்டம்.

பிற்பகல் ஆற்றங்கரைத் தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கினோம். மழை ஆற்றின் மேல் வெள்ளைத் திரை மாதிரி விழுந்தது. கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே டொக்டர் சொன்னார்: “இந்தத் தோட்டத்தில் நோயே இல்லை போலிருக்கிறது, முதலாளி.”

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் சோர்ந்து போயிருந்தார். நல்ல கதை ஒன்று சொல்லி அவரைச் சிரிக்க வைக்க வேண்டும், முடிந்தால் இன்னொரு தடவை அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

“எப்படி இருக்கும் மாத்தையா, அம்மன் காவல் இருக்கிற தோட்டம்! இங்கே ஒரு பெண் இருக்கிறாள், பால் வெட்டுகிறவள். திருவிழாவில் தீச்சட்டியை வெறுங்கையில் ஏந்தி மலையிலிருந்து ஆறு வரை வருவாள்.”

“கை வேகாதா?”

“வேகும் மாத்தையா, கொப்புளம்கூடப் போட்டிருக்கும். ஆனால் அவளுக்கு நோகாது. அதுதான் அதிசயம்.”

அவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். “எந்தக் கை?”

“ரெண்டுந்தான். இடது கைதான் கூடுதல்.”

“இடது கையில் சுண்டு விரல் எப்படி இருக்கும்?”

துணிமேல் கைவைத்து அவள் நிறம் தேர்ந்தெடுப்பது கண்முன் வந்தது. எனக்குத் தெரியாமலே என் சுண்டு விரல் தானாக உள்ளே மடங்கிக் காட்டியது.

டொக்டர் சிரிக்கவுமில்லை, எழுதவுமில்லை. பிறகு, “அந்த வீட்டில் வேறு யார்?” என்றார். மகளைச் சொன்னேன், ஆவணியைச் சொன்னேன், சொல்லும்போதே ஒவ்வொரு வார்த்தையையும் திரும்பி விழுங்கிவிட முடியாதா என்று இருந்தது. “நான் எண்ணத்தான் வந்தேன், பிடிக்க வரவில்லை” என்றார். “ஆனால் எண்ணினதை எழுத வேண்டும். எழுதினதை வாசிக்கிறவர் பிடிக்க வருவார். ஆனாலும் ஒரே காம்பராவில் வருஷக்கணக்காக அந்தப் பெண்பிள்ளையும் படுக்கிறாள், முதலாளி. நான் பார்த்தாக வேண்டும்.”

அன்று மாலையே ஆள் அனுப்பி அவளைக் காட்டுப் பக்கம் போகச் சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் வேறு லயத்தைக் காட்டியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. அரசாங்கத்துக்குப் பயந்தா, அந்தப் பெண்பிள்ளையை நினைத்தா, இல்லை டொக்டர் முன் பொய்யனாகக் கூடாது என்ற வெறும் மரியாதைக்காகவா? இன்றுவரை எனக்கே தெரியாது.

மறுநாளும் மழை. மழையில் பால் வெட்டு இல்லை, லயத்தில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். அவள் இஸ்தோப்பில் குந்தி ஈர விறகை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“என்னங்க நானா, மூட்டையில்லாம வாறீங்க? வெறுங்கையா வந்த நானாவ இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்று சிரித்தவள், எனக்குப் பின்னால் குடையை மடக்கின டொக்டரைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து இடது கையை மூடினாள். அவ்வளவுதான். ஓடவில்லை.

டொக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு கோழி இறகை எடுத்தார். நான் சொன்னேன்: “கண்ண மூடிக்க தங்கச்சி. எறகு பட்டதும் பட்டுச்சுன்னு சொல்லு.”

வலது தோளில் தொட்டார். “பட்டுச்சு.” கழுத்தில் தொட்டார். “பட்டுச்சு.” இடது முழங்கைக்குக் கீழே தொட்டார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. புறங்கையில், விரலில், மறுபடி புறங்கையில். அவள் புருவத்தை நெரித்துக் காத்துக்கொண்டிருந்தாள். டொக்டர் இறகை எடுத்துவிட்டார். அது காற்றில் இருந்தபோது அவள், “பட்டுச்சு” என்றாள்.

நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். அந்த அமைதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணைத் திறந்தாள்.

“விடுங்க நானா. எனக்குத் தெரியாதா? மொத வருசம் சுட்டுச்சு. அம்மா மேல சத்தியமா சுட்டுச்சு. ரெண்டாவது வருசமும் சுட்டுச்சு, பல்லக் கடிச்சுக்கிட்டு நடந்தேன். அப்புறம் ஒரு வருசம் சட்டிய எடுத்தா ஒண்ணுமே தெரியல. அம்மா எறங்கிட்டான்னு அழுதேன். வூட்டுக்கு வந்து அடுப்புல கொள்ளிக்கட்டயத் தள்ளுறேன், அதுவும் தெரியல. விரலு கருகின வாடைதான் வந்துச்சு. எங்க அடுப்புக்குள்ள எதுக்குங்க அம்மா வாறா?”

“யார்கிட்டயும் சொல்லலியா?”

“என்னாண்டு சொல்றது? கால்ல மஞ்சத் தண்ணி ஊத்துறவங்ககிட்டப் போயி, ஊத்தாதீங்க, எனக்கு அதுன்னு சொல்லவா?”

டொக்டர் முழங்கைக்குப் பின்னால் கயிறு மாதிரி திரண்டிருந்த நரம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, என் வழியாக நிதானமாகச் சொன்னார். இது சாமி கோபமில்லை, பாவமில்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. அதுவும் கையாலாகாத கிருமி, தொட்ட மாத்திரத்தில் ஒட்டத் தெரியாது. திருநீறு பூசின குழந்தைகளை நினைத்துப் பயப்பட வேண்டாம். அதைக் கேட்டதும் அவள் முதல் தடவையாக அழுதாள். ஆனால் ஒரே அறையில் பல வருஷம் கூடவே படுத்தவர்களில் சிலருக்கு வரலாம். அதனால் மகளையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

“எம்மவள மட்டும் தொடக் கூடாது” என்றாள். குரல் உயரவில்லை, ஆனால் கதவை மறைத்து உட்கார்ந்துவிட்டாள். “டொக்டரு பாத்தாருன்னு ஒருத்தி கண்ணுல பட்டாப் போதும், அரநாயக்கைக்குச் சேதி போயிடும். ஆவணி அத்தோட போச்சு. என்னய நாளைக்கே கொண்டு போங்க, போறேன். அவள வுட்டுருங்க.”

நான் மகளுக்கு நல்லதுதானே என்றேன். இப்போதே கண்டுபிடித்தால் மருந்து ஏற்றலாம் என்று டொக்டர் சொன்னதைச் சொன்னேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அதற்குப் பதிலாகத்தான் அவள், அதெல்லாம் சரிங்க நானா, நான் எத்தனாவது ஆள் என்று கேட்டாள்.

பின்னால் நடந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

டொக்டர் தன் புத்தகத்தில் அவளுக்கு ஒரு கோடு போட்டார். பெயர் எழுதவில்லை, லயம் எழுதவில்லை. எண்ணிக்கையில் அவள் இருந்தாள், பட்டியலில் இல்லை. அவர் மீறின சட்டம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஆவணி முடியும் வரைக்கும், மகள் பக்கத்துக் காம்பராச் சித்தியிடம் படுத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சிவப்புக் கூறைச் சேலை நான் கொண்டுபோய்க் கொடுத்தது. தாலி ஏறினபோது அவள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, கும்பிடுவது மாதிரி இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்திருந்தாள். அடுத்த வாரம் ஒரு சின்ன மூட்டையோடு கடைத்தெருவுக்கு இறங்கி வந்தாள். கடலோரத்து ஆஸ்பத்திரிக்கு டொக்டர் எழுதிக் கொடுத்திருந்த கடுதாசி என்னிடம் இருந்தது. அவிசாவளை வரை பஸ்ஸில் அவளோடு போனேன். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல், ஒவ்வொரு வளைவிலும் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தாள். பிரியும்போது சொன்னாள்:

“கேக்குறவங்ககிட்ட நான் ஊருக்குக் கப்பல் ஏறிட்டேன்னு சொல்லுங்க நானா. மகக்கிட்டயும் அதத்தான் சொல்லியிருக்கேன். நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க. ஒங்க வாய்க்கு அம்புட்டு மதிப்பு.”

சொன்னேன். ஐந்து தோட்டத்திலும் சொன்னேன். கப்பலில் அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்தாள், இறங்கின இடத்தில் புருஷன் எப்படி வந்து நின்றான், இளைத்துப்போன அவனைப் பார்த்து இவள் முதலில் திட்டினாள், பிறகு அழுதாள் என்பது வரை சொன்னேன். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் ஆயுளில் நான் சொன்ன கதைகளிலேயே நன்றாகச் சொன்னது அதுதான்.

அடுத்த திருவிழாவில் வேறொருத்தி, அவளைப் போலவே, வேப்பிலை வைக்காமல் சட்டியை ஏந்தினாள். பாதி வழியில் அலறிப் போட்டுவிட்டாள். உள்ளங்கை இரண்டும் வெந்துபோயின. “அம்மா அவகூடவே கப்பலேறிட்டா” என்று கான் வெட்டுகிற கிழவர் சொன்னார். உண்மை தெரிந்த நான் ரிப்பன்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பேசத் தெரிந்தவன் பேசாமல் இருந்தால் அது எவ்வளவு சத்தமாக இருக்கும் என்று அன்றைக்குக் கேட்டேன்.

மகளைச் சில வருஷம் கழித்து அரநாயக்கப் பக்கத்து லயத்தில் பார்த்தேன். இறகு பட்ட இடத்தையெல்லாம் அன்று இஸ்தோப்பில் சரியாகச் சொன்ன பிள்ளைதான். ஆனாலும் இந்த நோய் பல வருஷம் பதுங்கியிருந்து வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எனக்குத் தேத்தண்ணி போட அடுப்பிலிருந்து கேத்தலைத் தூக்கினவள், “ஆத்தே, சுட்டுருச்சு!” என்று கையை உதறிக்கொண்டு துள்ளினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். “நான் சுட்டுக்கிட்டு நிக்கிறேன், ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கா நானா?” என்று கோபித்துக்கொண்டாள். அம்மாவிடமிருந்து கடுதாசி உண்டா என்று அவள் கேட்பாளோ என்று பயந்து சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

கடலோரம் போய் அவளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று வருஷம் வருஷமாக நினைத்தேன். போகவில்லை. இன்றைக்கும் துணியை விரித்தால் முகம் எனக்குத் தெரிவதில்லை, கைகள்தான் வருகின்றன. காலையில் மூட்டையைக் கட்டுவதற்கு முன் குண்டூசியால் என் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்க்கிறேன். வலித்தால்தான் வேலைக்குக் கிளம்புகிறேன். டொக்டர் தேடிக்கொண்டு வந்த அந்த ‘ஆயிரம் பேருக்கு எத்தனை’ என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அரிது என்றுதான் எழுதியிருப்பார். எழுதினது சரியாகத்தான் இருக்கும். ஜில்லாவுக்கு அரிது. இரண்டு பேர் குடியிருந்த காம்பராவில் அது பாதி.

இனி அந்த இஸ்தோப்பு.

எத்தனாவது ஆள் என்ற கேள்வியைச் சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்தத் தோட்டத்தில் இவள்தான் முதல் ஆள்” என்றார். “இவளோடு முடிந்துவிட வேண்டும் என்றுதான் மகளைப் பார்க்கக் கேட்கிறேன். அதை மட்டும் சொல்.”

அதை மட்டும் சொன்னேன். அலங்கரிக்காமல் நான் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

அவள் இஸ்தோப்பின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். சாத்தின கதவுகள்தான் தெரிந்தன. பிறகு கதவை விட்டு நகர்ந்து, உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். வந்த பிள்ளையைத் தான் இருந்த இடத்தில் உட்காரச் சொன்னாள். டொக்டர் இறகை எடுத்தார். கண்ணை மூடு என்றேன். பிள்ளை மூடினாள், பயத்தில் இமை திறந்து திறந்து மூடியது. அம்மாக்காரி அவள் கண்களைப் பொத்தக் கையை நீட்டினாள். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கை நின்றது. அதைத் திருப்பி ஒரு தடவை பார்த்தாள், கீழே இறக்கினாள். மகளுடைய முந்தானையின் ஓரத்தை எடுத்து, இரண்டாக மடித்து, விரல் முகத்தில் படாமல் துணியின் இரண்டு முனையிலும் பிடித்துப் பிள்ளையின் கண்களைக் கட்டினாள். கட்டி முடித்து, ஓரடி பின்னால் தள்ளி உட்கார்ந்து, தன் கண்களையும் மூடிக்கொண்டாள்.